முகட்டுக்கு அந்தப் பக்கம்

பின்கட்டுக் கல்தூணில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்ட எழிலரசி, ஒரு காலைத் தூணில் ஊன்றிக்கொண்டு உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் மாடு கட்டிய தூண். அசையவில்லை. கயிறு அங்கிருந்து சுவரேறி, நேற்றுத்தான் ஓடு மாற்றி முடித்த பின்சரிவின் மேல் ஓடி, முகட்டைத் தாண்டி மறைந்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம் தெருவைப் பார்த்த சரிவு. அவள் புருஷன் தென்னரசு அங்கே இருந்தான். இங்கிருந்து பார்த்தால் அவன் தெரிய மாட்டான். கயிற்றின் அந்த முனையை இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதும் இரண்டு தடவை இழுப்பான். அதுதான் அவர்களுக்குள் பேச்சு. அவள் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இழுப்பு வர நேரமானது. வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

ஆரணியில் அந்தத் தெரு முழுக்கத் தறி வீடுகள். பாதி வீடுகள் மாடியாகிவிட்டன. மாணிக்கவேலின் வீடு இன்னும் அவர் அப்பா கட்டியபடியே ஓட்டு வீடாக இருந்தது. முன்கூடத்தில் இரண்டு தறிகள். வெயில் காலத்தில் ஓட்டுக்கு அடியில் பட்டு இழை அறுபடாமல் இருக்கும் என்பதால் மாற்றவில்லை என்று அவர் சொல்வார். ஆனால் போன மழையில் கூடம் முழுக்க ஒழுகியது. நாட்டு ஓடுகளைப் பிரித்துவிட்டு, இடித்த அரிசி ஆலை ஒன்றிலிருந்து வாங்கிவந்த சீமை ஓடுகளைப் போட்டுத்தரத் தென்னரசுவைக் கூப்பிட்டிருந்தார். சேத்துப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் காலையில் வண்டியில் வந்துவிடுவார்கள். அவன் மேலே. அவள் ஓடு தூக்கிக் கொடுப்பாள், கயிறு பார்ப்பாள்.

கயிறு அவளுடைய பிடிவாதம். அவள் அண்ணன் தருமன் கலசப்பாக்கம் பக்கம் ஒரு நெல் கிடங்கில் சிமெண்டு ஷீட் மாற்றப் போனவன், ஷீட்டின் நடுவில் கால் வைத்து அப்படியே உள்ளே போய்விட்டான். சாகவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். அவனைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் எழிலரசி வீட்டில் யாரோடும் பேசமாட்டாள். களை எடுக்கப் போவதை விட்டுவிட்டுப் புருஷனோடு வேலைக்குப் புறப்பட்டது அதன் பிறகுதான். சென்னையில் பாலம் கட்டும் இடத்தில் வேலை செய்தபோது தென்னரசு கொண்டுவந்து பரணில் போட்டிருந்த பெல்ட்டை எடுத்துத் தூசு தட்டினதும் அவள்தான். மற்ற ஓட்டு வேலைக்காரர்கள் சிரித்தார்கள். மாட்டை முளையில் கட்டி மேய்க்கிற மாதிரி மேய்க்கிறாள் என்றார்கள். தென்னரசுவும் சிரித்துக்கொண்டேதான் கட்டிக்கொள்வான். ஆனால் சில நாட்களில் அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

இன்று அப்படிப்பட்ட நாள். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் கனமழை பிடிக்கும் என்று எல்லார் செல்போனிலும் வந்துவிட்டது. காற்றே இல்லை. தெருவில் உள்ள எல்லாத் தறிகளின் சத்தமும் பக்கத்தில் கேட்டது. தும்பிகள் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து பறந்துகொண்டிருந்தன. வானம் கறுக்கவில்லை. கழுவாத பாத்திரம் மாதிரி ஒரு வெளுப்பு. மாணிக்கவேல் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பதும், உள்ளே போவதும், மறுபடி வருவதுமாக இருந்தார். முன்சரிவை இன்றே பிரித்து இன்றே மூடியாக வேண்டும். பாதியில் மழை வந்தால் தறியில் இருப்பதெல்லாம் போய்விடும்.

தறியில் இருந்தது அவர் மகள் லாவண்யாவின் முகூர்த்தப் புடவை. தை மாதம் கல்யாணம். எத்தனையோ கல்யாணங்களுக்கு நெய்து கொடுத்த வீட்டில் முதல் தடவையாக வீட்டுப் பெண்ணுக்கு நெய்கிறார்கள். மாணிக்கவேலின் மனைவி பரிமளாவே தறியில் உட்கார்ந்து, வேறு யாரையும் கை வைக்க விடாமல் நெய்தாள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலைக் கழற்ற முடியாது, தறியை நகர்த்த முடியாது. தூசு விழாமல் இருக்க, கூரையைத் தாங்கும் கைமரங்களுக்கு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளை விதானம் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே தறி ஓடியபடியே இருந்தது. மேலே நடந்தால் கீழே தறிச் சத்தம் பாதத்தில் ஏறும் என்று தென்னரசு முதல் நாளே சொன்னான்.

அந்த முதல் நாளில் நடந்த வேறொன்றும் எழிலரசிக்கு மறக்கவில்லை. எந்த வீட்டுக் கூரையிலும் ஏறுவதற்கு முன்னால் தென்னரசு உள்ளே போய் ஒவ்வொரு கைமரத்தையும் கத்தி முனையால் குத்திப் பார்ப்பான். முனை இறங்கினால் அந்த மரத்தை மாற்றாமல் ஏறமாட்டான். பின்சரிவில் எல்லாவற்றையும் குத்திப் பார்த்தான், நல்ல பனை. முன்கூடத்துக்கு வந்தபோது மாணிக்கவேல் தடுத்தார். அங்கே கைமரங்களுக்கெல்லாம் பழுப்பு நிறப் பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தது. லாவண்யாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அடித்தது. அதெல்லாம் வைரம் பாய்ந்த மரம், அப்பா நின்று பார்த்து வாங்கியது, குத்தி அசிங்கம் பண்ணாதே என்று சொல்லிவிட்டார். தென்னரசு ஸ்டூல் போட்டு ஏறி விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான். அன்று வண்டியில் திரும்பும்போது, பெயின்ட் அடித்துவிட்டால் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும் என்றான். அவள் அப்படியானால் குத்திப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்றாள். அந்தத் தெருவில் இதுதான் அவர்களுக்கு முதல் வேலை. இதைச் சரியாக முடித்தால் வரிசையாக இன்னும் வீடுகள் கிடைக்கும் என்று மாணிக்கவேல் சொல்லியிருந்தார்.

காலையில் பனி காய்ந்ததும் பிரிக்க ஆரம்பித்தார்கள். பழைய ஓடுகளைச் சரித்து இறக்கி, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களை அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஓடு போட்டுக்கொண்டு போவதுதான் அவன் வழக்கம். தேவைக்குத் தேவை ஓடு மேலே போகும். மொத்தமாக ஏற்றி ஒரே இடத்தில் அடுக்கக் கூடாது, பாரம் ஒரு மரத்தில் இறங்கும். ஆனால் மாணிக்கவேலுக்கு அந்த நிதானம் தாங்கவில்லை. ஏணியில் ஏறி இறங்கியே பொழுது போய்விடும், எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு போட்டால் ஜல்தியாக முடியுமே என்றார். மூன்றாவது தடவை அவர் சொன்னபோது தென்னரசு எழிலரசியைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். அவள் ஏணியில் நின்று கொடுக்கக் கொடுக்க, அவன் நடுச் சரிவில் முகட்டை ஒட்டி ஓடுகளை அடுக்கினான். அடுக்கு இடுப்பு உயரம் வந்ததும் அவள் நிறுத்தினாள். அவன் பாதியை எடுத்து வேறு இடத்தில் வைத்தான். மாணிக்கவேல் கீழிருந்து இதெல்லாம் வேலையா என்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை அவள் ஓடுகளைத் தூக்கிக்கொண்டு ஏணி உச்சிக்கு வந்தபோது, பெல்ட் ரீப்பர் மேல் தனியாகக் கிடந்தது. கயிறு அதோடு சேர்ந்து பாம்புச் சட்டை மாதிரி சுருண்டிருந்தது. தென்னரசு சரிவின் அந்தக் கோடியில் வெறும் இடுப்போடு குந்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். எழிலரசி சத்தம் போடவில்லை. ஓடுகளை மார்பில் சாய்த்துக்கொண்டு ஏணியிலேயே நின்றாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“கட்டுயா,” என்றாள்.

“தோ இந்த ஓரம்தான். கயிறு எட்டல எழிலு. ஒவ்வொரு வாட்டியும் நீ பின்னாடி ஓடிப்போய் அவுத்து வுட்டுகினு இருந்தா மழ வந்துரும்.”

“வரட்டும். கட்டு.”

தெருவிலிருந்து மாணிக்கவேல் என்ன நின்றுவிட்டது என்று கேட்டார். பேஜாராக இருக்கிறது உங்களோடு என்று அவர் முணுமுணுத்தது இரண்டு பேருக்கும் கேட்டது. தென்னரசுவின் முகம் சிவந்தது. எழிலரசியைப் பார்க்காமலே வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அவள் ஓடுகளைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அந்த வெறும் பெல்ட் கிடந்த கிடை கண்ணுக்குள்ளேயே நின்றது.

மதியம் பரிமளா பேப்பர் கப்புகளில் டீ எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அப்போதுதான் தறிச் சத்தம் நின்றிருந்தது. ஒல்லியான பெண்மணி, தறியில் குனிந்து குனிந்து தோள் முன்னால் வளைந்தவள். டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மழை வருமா என்று கேட்டாள். எழிலரசிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நடுவுல, என் தறிக்கு நேரா மேல இருக்குது பாரு கைமரம், அங்க மட்டும் ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு சொல்லுமா.”

“ஏங்கா?”

பரிமளா கையிலிருந்த இன்னொரு கப்பின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். “பாவுல தூசு வுழுது,” என்றாள். உள்ளே மாணிக்கவேல் கூப்பிட்டார். அவள் போய்விட்டாள்.

தூசு விழாமலிருக்கத்தானே அந்தத் தாளைக் கட்டியிருக்கிறார்கள் என்று எழிலரசிக்குத் தோன்றியது. தோன்றியதும் டீ ருசிக்கவில்லை. முன்பக்கம் போய் ஏணியில் ஏறித் தென்னரசுவிடம் சொன்னாள். அவன் சரிவைச் சுற்றிப் பார்த்தான். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ரீப்பரும் தாளும்தான். தறி எங்கே இருக்கிறது, எந்தக் கைமரம் அது என்று யார் கண்டது. பழைய ஓடு இன்னும் பாதி கிடந்தது. கிழக்கே ஆற்றுப் பக்கம் வெளுப்புக்கு அடியில் நீலமாக ஒரு கோடு எழும்பியிருந்தது. தட்டித் தட்டித்தான் கால் வைக்கிறேன், நீ போய்க் கொஞ்சம் கயிறு விடு, அந்தக் கோடியை முடித்துவிட்டால் அடுக்கை இறக்கிவிடலாம் என்றான். அவன் குரலில் காலைக் கோபம் இல்லை. சோர்வு இருந்தது. அவள் ஏணியிலிருந்து அவன் காலைத் தொட்டாள். கணுக்காலில் செம்மண் தூசு. சும்மா தொட்டாள். பிறகு இறங்கி, சந்து வழியாகப் பின்கட்டுக்கு ஓடினாள்.

உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். தூணைச் சுற்றியிருந்த சுற்றுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தளர்த்தி, கை மேல் கையாகக் கயிற்றை விட்டாள். அந்தப் பக்கம் அவன் இழுத்துக்கொள்வது தெரிந்தது. போதும் என்று ஒரு இழுப்பு வந்தது. அவள் மறுபடி முடிச்சுப் போடக் கயிற்றைச் சேர்த்துப் பிடித்தாள்.

முதலில் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. கரும்பை முழங்காலில் வைத்து உடைப்பது மாதிரி. அடுத்த கணம் ஓடுகள் மொத்தமாகச் சரியும் இரைச்சல். அதற்குள்ளேயே கயிறு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. உள்ளங்கை பற்றி எரிந்தது. அவள் விடவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே உடம்பைத் தூணோடு சேர்த்து, பின்னால் விழுந்து, குதிகாலை மண்ணில் புதைத்தாள். தூணைச் சுற்றியிருந்த அந்த ஒரு சுற்றுக் கயிறு கிரீச்சென்று இறுகியது. ஓட்டம் நின்றது. முகட்டிலிருந்து ஒரு ஓடு பெயர்ந்து, அவர்கள் போட்டுமுடித்த பின்சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் விழுந்து சிதறியது.

தெருவின் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுத் தறி மட்டும் நின்றுவிட்டது.

கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது. அதன் அந்த முனையில் பாரம் இருந்தது. பாரம்தான் தெரிந்தது, அது உயிரா இல்லையா என்று தெரியவில்லை. கத்திக் கூப்பிட்டால் பிடி தளர்ந்துவிடுமோ என்று அவளுக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, தூணை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தாள். இப்போது கொஞ்சம் தாங்கியது. முடிச்சுப் போட்டுவிட்டு ஓடலாம். ஆனால் முடிச்சுப் போட்டால் அவனை இறக்க யார் கயிறு விடுவது? அது இடுப்புப் பெல்ட். தொங்கினால் வயிற்றில் ஏறி மூச்சை அடைக்கும், ரொம்ப நேரம் விடக் கூடாது என்று பாலத்து வேலையில் சொல்லிக்கொடுத்ததை அவன்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான். முகட்டில் பெயர்ந்த ஓட்டின் ஓரத்தில் கயிறு உராய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பிசிறு எழும்பியிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் அந்தப் பிசிறையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே குரல்கள். மாணிக்கவேல் ஏதோ சொன்னார், அது வார்த்தையாகவே இல்லை. அப்புறம் பரிமளாவின் குரல், தாழ்ந்து, ஒரே சீராக. கட்டிலை எடு என்றாள். கட்டில் இங்கே எப்படி நுழையும் என்று மாணிக்கவேல் கேட்டார். பிறகு மாணிக்கவேல், “வேணாம் பரிமளா,” என்று சொன்னது கேட்டது. அதன்பின் ஒரு சத்தம். நனைந்த துணியை உதறுவதுபோல் ஒன்று. அதை எழிலரசி அதற்கு முன் கேட்டதில்லை.

லாவண்யா பின்வாசலுக்கு ஓடிவந்தாள். தலைமுடியெல்லாம் மண். முகத்தில் நிறமே இல்லை.

“அக்கா, உசுரோட கீறாரு. பாதி ஒடம்பு ஓட்டைக்குள்ள தொங்குது. அம்மா கால தாங்கிப் புடிச்சிகினு கீது. நான் சொல்றப்போ வுடுங்க, கொஞ்சம் கொஞ்சமா.”

“பேசறாரா?”

“மூச்சு வாங்கறாரு. வுடுங்கக்கா.”

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு லாவண்யா உள்ளே பார்ப்பாள், திரும்பிச் சொல்வாள். எழிலரசி ஒரு சாண் விடுவாள். கயிறு தூணில் நழுவும்போதெல்லாம் தோல் போன உள்ளங்கையில் அது ஈரமாக வந்தது. விடு என்றால் விட்டாள். நில் என்றால் நின்றாள். அந்தப் பெண்ணின் வாயைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. ஒரு இடத்தில் ஏதோ சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து தென்னரசு அலறினான். அவ்வளவு பயங்கரமான அலறலில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. பாரம் திடீரென்று குறைந்தது. பிறகு இல்லாமல் போனது. கயிறு தொய்ந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடனே எழுந்து உள்ளே ஓடினாள்.

கூடத்தில் வானம் தெரிந்தது. பிளாஸ்டிக் தாள் கிழிந்து இரண்டு பக்கமும் தொங்கியது. ஓடும் மண்ணும் குவிந்து கிடந்தன. தறிக்குப் பின்னால் அகலமாக இழுத்துக் கட்டியிருந்த பாவு இல்லை. குறுக்காக அறுத்துவிட்டிருந்தார்கள்; அவள் கேட்ட சத்தம் அதுதான். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்புப் பட்டிழைகள் இரண்டு பக்கமும் சுருண்டு, அவிழ்த்துவிட்ட தலைமுடி மாதிரி தரையில் பரவிக் கிடந்தன. பாவு இருந்த இடத்தில்தான் கட்டில் போட்டிருந்தது. கட்டிலில் தென்னரசு. பக்கத்தில் தறிக்காரக் கத்தரி. மாணிக்கவேல் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டியெல்லாம் ரத்தம். உடைந்த கட்டை தென்னரசுவின் தொடையைக் கிழித்திருந்தது. பரிமளா தன் முந்தானையைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

எழிலரசி அவன் பாதத்தைத்தான் முதலில் பிடித்தாள். கட்டைவிரலைக் கிள்ளினாள். கால் இழுத்துக்கொண்டது. இன்னொரு காலைக் கிள்ளினாள். அதுவும் அசைந்தது. அவன் கண்ணைத் திறக்காமல், “வலிக்குது எழிலு,” என்றான். உதடு வெளுத்திருந்தது. மூச்சு இழுக்கும்போது மார்பின் ஒரு பக்கம் மட்டும் எழும்பியது.

ஆம்புலன்ஸ் போளூர் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். எதிர்வீட்டுப் பாலு தன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான். நாலைந்து பேர் சேர்ந்து தூக்கும்போதுதான் எழிலரசி அதைப் பார்த்தாள். உடைந்து விழுந்த கைமரத்தின் துண்டு தறியின் மேல் சாய்ந்திருந்தது. வெளியே பளபளவென்று பழுப்புப் பெயின்ட். உடைந்த வாய்க்குள்ளே மரமே இல்லை. கரையான் மண்ணும், மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்த அடைப்பும் இருந்தன. பெயின்ட் ஒரு தோல் மாதிரி அதைச் சுற்றி நின்றது. அவள் நிமிர்ந்தபோது மாணிக்கவேல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஓட்டை வழியாக ஒரு துளி விழுந்தது. அறுந்த பட்டில் அது விழுந்த இடம் கறுத்தது. இன்னொரு தறியில், மாணிக்கவேலின் தறியில், பாவு இன்னும் முழுசாக இருந்தது. அதன் மேலும் கூரை பாதி திறந்திருந்தது.

ஆட்டோவில் தென்னரசுவைக் குறுக்காகக் கிடத்த இடமில்லை. எழிலரசி ஒரு ஓரம் உட்கார்ந்து அவன் தோளை அணைத்துக்கொண்டாள். அவள் கையால் எதையும் அமுக்கிப் பிடிக்க முடியவில்லை, தோல் உரிந்து விரல் மடங்கவில்லை. அதனால் பரிமளா காயத்திலிருந்து கை எடுக்காமலே கூட ஏறிக்கொண்டாள். கால்மாட்டில், ஆட்டோவின் தரையில் குந்திக்கொண்டு அமுக்கினாள். முந்தானைத் துணி ஏற்கனவே ஊறியிருந்தது.

தெருக்கோடியில் ஆட்டோ நின்றுவிட்டது. அரிசி ஆலைக்குப் போகும் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பாலு இறங்கிப்போய்க் கத்தினான். காற்று அப்போதுதான் எழுந்தது. தெருவின் தூசியையும் காகிதத்தையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பக்கமிருந்து வந்தது.

பரிமளா தலை குனிந்தே இருந்தாள். “தெரியும்மா எனக்கு,” என்றாள். “அந்த மரம். அவரு அடச்சி பெயின்ட் அடிக்கறப்போ நான்தான் ஸ்டூல புடிச்சிகினு இருந்தேன். மத்தியானமே உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லத்தான் வந்தேன்.”

எழிலரசிக்குக் கோபம் வந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாத கோபம். ஆனால் அந்தப் பெண்ணின் கை அங்கிருந்து எடுபட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. முந்தானை இல்லாமல், மண் படிந்த தலையோடு பரிமளா அமுக்கிக்கொண்டிருந்த அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு பார்க்க முடியாமல் ஆட்டோவுக்கு வெளியே தலையைத் திருப்பினாள்.

தெரு நேராகப் பின்னால் நீண்டு கிடந்தது. மாணிக்கவேலின் வீடு இங்கிருந்தே தெரிந்தது. ஏணி சாய்த்தபடி இருந்தது. அதன் அடியில் லாவண்யா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். முன்சரிவின் நடுவில், திறந்த ஓட்டைக்குப் பக்கத்தில், ரத்தம் பட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாணிக்கவேல் ஏறிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு நீலத் தார்ப்பாய். வெறும் கால். இடுப்பில் ஒன்றும் இல்லை.

“அக்கா,” என்றாள் எழிலரசி.

பரிமளா நிமிர்ந்து அவள் பார்த்த பக்கம் பார்த்தாள். அவள் உதடு புருஷன் பெயரைச் சொல்வதுபோல் அசைந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கையை லேசாக எடுத்ததும் துணிக்கு அடியிலிருந்து சூடாகப் பொங்கி விரலிடுக்கில் வழிந்தது. மறுபடி அழுத்தினாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

லாரி திரும்பிவிட்டது. பாலு ஓடிவந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பின்னால், முகட்டுக்கு வந்துவிட்ட மாணிக்கவேல் எழுந்து நின்று தார்ப்பாயை விரித்தார். காற்று அதற்குள் புகுந்தது. ஒரு பெரிய நீல வயிறு மாதிரி அது உப்பி எழும்பியது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.